தடை ஓடியவருக்கு மட்டும்தானா? குண்டூர் தனலட்சுமியின் கதை கிளப்பும் கேள்வி

2021 மார்ச், பஞ்சாபின் பாட்டியாலா. ஃபெடரேஷன் கோப்பை தடகளப் போட்டியில் பெண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டம். எல்லோர் கண்ணும் டூட்டி சந்த் மேல்தான். அவர் எத்தனை விநாடியில் முடிப்பார் என்பது மட்டும்தான் அன்றைய கேள்வி. டூட்டி 11.58 விநாடியில் வந்தார். ஆனால் அவருக்கு முன்னாடியே, 11.39 விநாடியில் இன்னொருவர் கோட்டைத் தாண்டியிருந்தார். திருச்சி குண்டூரைச் சேர்ந்த தனலட்சுமி சேகர். வயது 22.

இரண்டு நாள் கழித்து 200 மீட்டர் தகுதிச் சுற்று. இந்த முறை பக்கத்தில் ஹிமா தாஸ். தனலட்சுமி 23.26 விநாடி. 1998-ல் பி.டி.உஷா சென்னையில் வைத்த 23.30 விநாடி என்ற போட்டிச் சாதனை போனது. உஷா அதை வைத்த அதே 1998-ல்தான் தனலட்சுமி பிறந்தார். அன்று இரவு தமிழ்நாட்டில் அத்தனை சேனல்களிலும் 'உஷா சாதனையை முறியடித்த திருச்சிப் பெண்' என்றுதான் தலைப்பு. இறுதிப் போட்டியில் ஹிமா 23.21 விநாடியில் ஓடித் தங்கம் எடுத்தார், தனலட்சுமி இரண்டாவதாக வந்தார் என்பது பெரும்பாலான செய்திகளில் கடைசிப் பத்தியில் இருந்தது. சில செய்திகளில் அதுகூட இல்லை.

இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு வீராங்கனையைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் இரண்டே வரிதான்: வென்ற அன்று ஒன்று, வீழ்ந்த அன்று ஒன்று. நடுவில் இருப்பதை யாரும் எழுதுவதில்லை, நாங்களும் சேர்த்துத்தான். தனலட்சுமியின் கதையில் அந்த நடுப் பகுதிதான் முக்கியம்.

யார் இந்த தனலட்சுமி?

திருச்சி விமான நிலையத்தைத் தாண்டிப் புதுக்கோட்டை சாலையில் கொஞ்ச தூரம் போனால் குண்டூர். எம்.ஐ.இ.டி. கல்லூரி இருக்கிற ஊர் என்றால் திருச்சிக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அம்மா கூலி வேலை செய்து பெண் பிள்ளைகளை வளர்த்தார். பள்ளியில் தனலட்சுமி முதலில் ஆடியது கோ-கோ. அவர் ஓடுகிற வேகத்தைப் பார்த்துத்தான் தடகளத்துக்கு இழுத்தார்கள்.

பாட்டியாலா வெற்றிக்கு நான்கு மாதம் கழித்து டோக்கியோ ஒலிம்பிக். கலப்பு 4x400 மீட்டர் தொடர் ஓட்ட அணிக்குத் தேர்வான மூன்று பெண்களும் தமிழ்நாட்டுக்காரர்கள்: மதுரை ரேவதி வீரமணி, திருச்சி சுபா வெங்கடேசன், தனலட்சுமி. ஆண்களில் லால்குடி பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் இருந்தார். ஒரே மாவட்டத்திலிருந்து மூன்று பேர் ஒரு ஒலிம்பிக் தொடர் ஓட்ட அணியில்! இதை நாம் இன்னும் கொஞ்சம் கொண்டாடியிருக்கலாம். முகமது அனஸ், ரேவதி, சுபா, ராஜீவ் ஆகிய நால்வரும் ஓடினார்கள். 3 நிமிடம் 19.93 விநாடி, சுற்றில் எட்டாவது இடம். தனலட்சுமி மாற்று வீராங்கனையாக வெளியே உட்கார்ந்திருந்தார்.

டோக்கியோவிலிருந்து ஊர் திரும்பியபோதுதான் அவருக்கு அந்தச் செய்தி தெரியும். அவருடைய அக்கா உடல்நலக் குறைவால் இறந்துபோயிருந்தார். பயிற்சி கெட்டுவிடக் கூடாது என்று அம்மா சொல்லாமல் மறைத்துவிட்டார். வரவேற்க வந்த கூட்டத்துக்கு நடுவே தனலட்சுமி மண்டியிட்டு அழுத அந்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. 'தியாகத் தாய்' என்று எழுதினார்கள். ஒரு குடும்பத்தில் சாவுச் செய்தியைக்கூட மறைக்க வைக்கிற அளவுக்கு அந்த ஒலிம்பிக் டிக்கெட் ஏன் அவ்வளவு கனமாக இருந்தது? அதை யாரும் எழுதவில்லை. பதில் கடினமில்லை. அந்த டிக்கெட்டில்தான் அரசு வேலை, பரிசுத்தொகை, வீட்டின் கடன் எல்லாமே தொங்கிக்கொண்டிருந்தன. ஓடுவதுதான் அந்த வீட்டின் ஒரே முதலீடு. வேலையும் பணமும் பதக்கத்துக்குப் பிறகுதான் வரும், அதற்கு முன்னால் வராது. விளையாட்டு ஒதுக்கீட்டை நம்பி ஓடும் எந்த வீட்டுக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

22.89 விநாடி: இருந்தது, இப்போது இல்லை

2022 ஜூனில் கஜகஸ்தானின் அல்மாட்டியில் தனலட்சுமி 200 மீட்டரை 22.89 விநாடியில் ஓடினார். தேசிய சாதனை சரஸ்வதி சாஹா 2002-ல் வைத்த 22.82. அடுத்தது ஹிமாவின் 22.88. இவர்களுக்கு அடுத்து 23 விநாடிக்குள் ஓடிய மூன்றாவது இந்தியப் பெண் தனலட்சுமி. பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்கான அணியிலும் பெயர் இருந்தது.

ஜூலையில் எல்லாம் தலைகீழ். வெளிநாட்டுப் பயிற்சி முகாமில் இருந்தபோது உலகத் தடகள அமைப்பின் நேர்மைப் பிரிவு எடுத்த மாதிரியில் மெட்டான்டியனோன் இருந்தது. காமன்வெல்த் அணியிலிருந்து பெயர் நீக்கம். அதன் பிறகு 3 ஆண்டுத் தடை. மாதிரி எடுத்த நாளிலிருந்து ஓடிய ஓட்டங்கள் எல்லாம் ரத்து. அந்த 22.89-உம் அதில் போனது.

மெட்டான்டியனோன் என்பது என்ன? 1950-களிலிருந்து புழக்கத்தில் இருக்கும் பழைய ஸ்டீராய்டு மாத்திரை. தசையைச் சீக்கிரம் கட்டும், கடும் பயிற்சிக்குப் பிறகு உடல் தேறுவதை வேகப்படுத்தும். ஜிம் வட்டாரங்களில் 'டயனபால்' என்றால் தெரியும். இதன் தடயங்கள் உடலில் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் தங்கும், இன்றைய ஆய்வகங்கள் அதைச் சுலபமாகப் பிடித்துவிடும். சர்வதேசப் போட்டிக்குப் போகிற ஒருவர் விவரம் தெரிந்து எடுக்கக்கூடிய மருந்துகளில் இது கடைசியில்தான் வரும்.

ஸ்டீராய்டுக்கு வழக்கமான தடை 4 ஆண்டு. குற்றச்சாட்டைச் சீக்கிரம் ஒப்புக்கொண்டால் ஓராண்டு குறையும். அப்படித்தான் 3 ஆண்டு.

தடை முடிந்து 2025-ல் திரும்பினார். ஆகஸ்டில் சென்னை நேரு ஸ்டேடியத்தில் நடந்த மாநிலங்களுக்கு இடையேயான தேசியப் போட்டியில் 100 மீட்டரை வென்றார். செப்டம்பரில் மறுபடியும் ஒரு செய்தி: இன்னொரு மாதிரியில் டிரோஸ்டனலோன், அதுவும் ஒரு ஸ்டீராய்டு. தற்காலிக இடைநீக்கம். இரண்டாவது முறை என்றால் தடை 8 ஆண்டு வரை போகலாம் என்று விதி சொல்கிறது. 27 வயதில் 8 ஆண்டு என்றால் ஒரு குறுந்தூர ஓட்டக்காரருக்கு அர்த்தம் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. இந்த இரண்டாவது விவகாரத்தில் நாம் தீர்ப்பு எழுதப் போவதில்லை, அதற்கு விசாரணைக் குழு இருக்கிறது.

முடிகண்டத்தில் நடந்தது

ஊக்கமருந்து என்றதும் திருச்சியில் இன்னொரு பெயர் வரும்: கோமதி மாரிமுத்து. ஸ்ரீரங்கம் தாலுகாவில், மணிகண்டம் பக்கம் முடிகண்டம் அவருடைய ஊர். அவர் ஓடியது 800 மீட்டர், குறுந்தூரம் இல்லை. ஆனால் தனலட்சுமி கதையைப் புரிந்துகொள்ள இது வேண்டும்.

2016-ல் அப்பாவைப் புற்றுநோய்க்குக் கொடுத்தார். அதே காலத்தில் பயிற்சியாளரும் மாரடைப்பில் இறந்தார். ஓட்டத்தை விட்டுவிடலாம் என்று இருந்தவர், திரும்பி வந்து 30 வயதில், 2019 ஏப்ரல் 22 அன்று தோஹாவில் ஆசிய சாம்பியன் ஆனார். 2 நிமிடம் 2.70 விநாடி. இரண்டு காலிலும் வேறு வேறு நிறத்தில் அவர் போட்டிருந்த ஷூ படம் வைரலானது. கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு பரிசு அறிவித்தன.

அதற்கு ஐந்து வாரம் முன்னால், மார்ச் 18 அன்று, பாட்டியாலா ஃபெடரேஷன் கோப்பையில் அவரிடமிருந்து எடுத்த மாதிரி ஒன்று ஆய்வகத்தில் இருந்தது. அதில் நான்ட்ரலோனின் தடயம் இருந்தது. ஆனால் முடிவு வருவதற்குள் தோஹா விமானம் கிளம்பிவிட்டது. முன்பே தெரிந்திருந்தால் அவரை அனுப்பியே இருக்க மாட்டோம் என்பதுதான் பிறகு தடகள சம்மேளனத்தின் பதில். தோஹா மாதிரியிலும் அதே முடிவு. 4 ஆண்டுத் தடை, 2023 மே வரை. தங்கம் சீனாவின் வாங் சுன்யூவுக்குப் போனது.

35 நாள். அந்த 35 நாளில் ஒரு காகிதம் மேசை மாறியிருந்தால், ஒரு கிராமமே பட்டாசு வெடித்த பிறகு பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும் நிலை வந்திருக்காது. தப்பு இருந்தால் தண்டனை வரட்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தாமதத்துக்கு யாருக்கு என்ன தண்டனை? தேசிய ஆய்வகத்தின் அங்கீகாரத்தையே அந்த ஆண்டு ஆகஸ்டில் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை நிறுத்தி வைத்தது. 2021 டிசம்பரில்தான் திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் நம் வீரர்களின் மாதிரிகள் வெளிநாட்டு ஆய்வகங்களுக்குப் பறந்தன.

(பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையின் சாந்தி சௌந்தரராஜனை இந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். 2006 தோஹா ஆசியப் போட்டியில், அதே 800 மீட்டரில் அவர் வென்ற வெள்ளி பறிக்கப்பட்டது பாலினப் பரிசோதனையின் பேரில். மருந்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சமூக வலைதளங்களில் இரண்டையும் குழப்புகிறவர்கள் நிறைய.)

உடம்பில் இருந்தால் உன் பொறுப்பு

ஊக்கமருந்து விதியின் அடிப்படை இதுதான்: உங்கள் உடலில் என்ன இருந்தாலும் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. யார் கொடுத்தார்கள், தெரிந்து எடுத்தீர்களா, தெரியாமலா என்பதெல்லாம் தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும்போதுதான் வரும். கடுமையான விதி. ஆனால் இது இல்லாவிட்டால் எல்லோரும் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மருந்து எடுக்காமல் ஓடி நான்காவதாக வந்த பெண்ணை யார் பார்ப்பது? விதி சரிதான்.

அப்படியானால் பிரச்சினை எங்கே? விதிப்புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கங்களும் இருக்கின்றன, அவற்றை நாம் திறப்பதே இல்லை. தடை செய்யப்பட்ட மருந்தை வீரருக்குக் கொடுத்தவருக்கும் விற்றவருக்கும் குறைந்தது 4 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தடை. வீரரைவிடக் கடுமை. 18 வயதுக்குக் கீழ் இருப்பவர் மாட்டினாலோ, ஒரே பயிற்சியாளரிடமோ மருத்துவரிடமோ இருந்த ஒன்றுக்கு மேற்பட்டவர் மாட்டினாலோ அவரைச் சுற்றியிருந்தவர்களைத் தானாகவே விசாரிக்க வேண்டும். மருந்து எங்கிருந்து வந்தது என்று வீரர் உருப்படியான தகவல் கொடுத்தால் தண்டனையில் முக்கால் பங்கு வரை நிறுத்தி வைக்கலாம். இந்தியாவின் தேசிய ஊக்கமருந்து தடுப்புச் சட்டம், 2022-உம் பயிற்சியாளர், மருத்துவர், உதவியாளர் எல்லோரையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது.

ஆனால் செய்திகளைத் தேடிப் பாருங்கள். தடை செய்யப்பட்ட வீரர்களின் பெயர், படம், வயது எல்லாம் கிடைக்கும். மருந்து கொடுத்ததற்காகத் தண்டனை பெற்றவர்களின் பெயர் எத்தனை உங்களுக்கு நினைவுக்கு வருகிறது? முக்கால் பங்கு தண்டனை குறையும் என்ற சலுகை காகிதத்தில் அழகாக இருக்கிறது. விடுதியிலும் முகாமிலும் வளர்ந்து, சாப்பாட்டுக்கும் ஷூவுக்கும் வேலைக்கும் பெரியவர்களையே நம்பியிருக்கும் இருபது வயதுப் பெண் யாரை எதிர்த்து வாய் திறப்பார்? தனலட்சுமி விஷயத்தில் யாரையும் நாம் கைகாட்டவில்லை. அப்படிக் கைகாட்ட எந்த ஆதாரமும் பொதுவெளியில் இல்லை. அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை என்பதுதான் நம் குறை.

கேட்ட நாடு ஒன்று உண்டு. 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரில் 9.79 விநாடியில் ஓடிய கனடாவின் பென் ஜான்சன் மாட்டியபோது, கனடா அவரை மட்டும் கைகழுவிவிட்டுப் போகவில்லை. நீதிபதி சார்லஸ் டூபின் தலைமையில் விசாரணை ஆணையம் வைத்தது. பயிற்சியாளரும் மருத்துவரும் சத்தியப் பிரமாணம் எடுத்துச் சாட்சி சொன்னார்கள். எந்த ஆண்டு, என்ன மருந்து, யார் சொல்லி என்று எல்லாம் டி.வி.யில் வந்தது.

நம் ஊரிலும் ஒருமுறை கொஞ்சம் நெருங்கினோம். 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற பெண்கள் 4x400 அணியில் இருந்தவர்கள் 2011-ல் மாட்டினார்கள். மருந்து அதே மெட்டான்டியனோன். பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங் சத்து மாத்திரையில் கலந்திருந்தது என்றார்கள் வீராங்கனைகள். உக்ரைன் நாட்டுப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார், நீதிபதி முத்கல் குழு விசாரித்து அறிக்கை கொடுத்தது. அப்புறம்? பதினொரு ஆண்டு கழித்துக் குண்டூர்ப் பெண்ணின் மாதிரியில் அதே மருந்து.

எண்கள் சொல்வது

2023-ல் இந்தியா பரிசோதித்த 5,606 மாதிரிகளில் 213-ல் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது. 3.8 சதவீதம், அதிகம் பரிசோதிக்கும் நாடுகளில் இதுதான் மோசம். சீனா அதே ஆண்டு 28 ஆயிரத்துக்கும் மேல் பரிசோதித்தது, மாட்டியது 0.2 சதவீதம். சீனாவின் கணக்கை அப்படியே நம்ப வேண்டுமா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் நம்முடைய 3.8 நம்முடையதுதான்.

இன்னும் கண்ணுக்குத் தெரிகிற சாட்சி வேண்டுமா? 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டி. ஊக்கமருந்து அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு வந்து நின்றவர் ஒரே ஒருவர். மீதிப் பேர் காணோம். ஸ்டேடியக் கழிப்பறையில் காலி ஊசிகள் கிடந்தன. பாட்டியாலாவில் தனலட்சுமி வென்ற டூட்டி சந்துக்கும் 2023-ல் 4 ஆண்டுத் தடை வந்தது. ஒரே ஓட்டத்தின் முதல் இரண்டு பேர்! இதை வெறும் தனிமனிதத் தப்பு என்று சொல்லிக் கடந்துவிட முடியுமா?

சுபா இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்

இதே திருச்சியில்தான் சுபா வெங்கடேசனும் இருக்கிறார். டோக்கியோவில் கடைசி இடத்தில் முடித்த அந்த அணியில் மூன்றாவதாக ஓடியவர். 2023 பாங்காக் ஆசிய சாம்பியன்ஷிப்பில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் தங்கம், அப்போதைய தேசிய சாதனையோடு. அதே ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் இரண்டு வெள்ளி: பெண்கள் தொடர் ஓட்டத்தில் 3 நிமிடம் 27.85 விநாடி, கலப்பில் முதலில் வெண்கலமாக இருந்தது, இலங்கை அணி தகுதி நீக்கம் ஆனதும் வெள்ளியானது. அந்தக் கலப்பு அணியில் கூட ஓடிய ராஜேஷ் ரமேஷ், திருச்சி ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். திருச்சி ஜங்ஷனில் உங்கள் டிக்கெட்டைக்கூட அவர் பார்த்திருக்கலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுபா ஓடினார். 2025 மே மாதம் தென்கொரியாவின் குமியில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் பெண்கள், கலப்பு இரண்டிலும் தங்கம்.

இரண்டு ஒலிம்பிக், ஆசிய அளவில் மூன்று தங்கம். ஆனால் திருச்சியில் பத்துப் பேரைக் கேட்டால் எத்தனை பேருக்கு சுபாவைத் தெரியும்? வீடியோவில் அழவில்லை, தடை வாங்கவில்லை, நான்கில் ஒருவராக ஓடுகிறார். செய்திக்குத் தேவையான 'கதை' அவரிடம் இல்லை என்று நாங்கள்தான் முடிவு பண்ணிவிட்டோம்.

ஓடுகிற பிள்ளை வீட்டில் இருந்தால்

அண்ணா ஸ்டேடியத்துக்கும் பொன்மலை ரயில்வே மைதானத்துக்கும் தினமும் காலையில் பிள்ளைகளை டூவீலரில் கொண்டுவந்து விடும் பெற்றோர் இதைப் படித்தால், அவர்களுக்கு நேராகச் சில விஷயம். மெடிக்கலில் சாதாரணமாக வாங்கும் சில இருமல் மருந்துகளில் டெர்புட்டலின் இருக்கும், அது தடைப் பட்டியலில் உள்ளது. லேபிளைப் படிக்க வேண்டும். ஜிம்மில் டப்பா பிரித்து அளந்து கொடுக்கும் புரோட்டீன் பவுடர் வேண்டாம். 'நாட்டு மருந்துதானே' என்ற சமாதானம் விசாரணையில் எடுபடாது. எதை வாங்கினாலும் பில்லையும் பாட்டிலையும் எடுத்து வையுங்கள். மாதிரியில் ஏதாவது வந்தால், எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் பிள்ளை தலையில்தான். 'இது வைட்டமின்தான், கேள்வி கேட்காதே' என்று யாராவது ஊசி போட வந்தால், அந்த இடத்திலேயே கேள்வி கேளுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மெட்டான்டியனோனும் டிரோஸ்டனலோனும் இருமல் மருந்தில் வருவதில்லை. அவை வேறு வழியில் வருகின்றன. அந்த வழியை அடைப்பது பெற்றோரால் முடியாது.

தமிழ்நாடு அரசு சென்னை, மதுரை, திருச்சி, நீலகிரியில் ஒலிம்பிக் அகாடமி அமைப்பதாக அறிவித்திருக்கிறது. டிராக் எத்தனை லேன், விடுதியில் எத்தனை படுக்கை என்ற விவரங்கள் திறப்பு விழா அன்று எல்லா பேப்பரிலும் வரும். அங்கே முழுநேர விளையாட்டு மருத்துவர் பணியிடம் உண்டா, பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் ஒவ்வொரு மாத்திரையையும் எழுதி வைக்கும் பதிவேடு யார் பொறுப்பில் இருக்கும், பயிற்சியாளருக்குப் பயப்படாமல் ஒரு பெண் போன் செய்ய வெளியாள் யாராவது இருப்பார்களா? திருச்சி மாவட்ட விளையாட்டு அலுவலரிடமும் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் இப்போதே கேட்கலாம், கட்டடம் எழும்பும் வரை காத்திருக்கத் தேவையில்லை.